பிரேக் மேல் போட்ட பழி

"பிரேக் பிடிக்கலைன்னு மட்டும் சொல்லு கோமு. வேற ஒண்ணும் வேண்டாம். ரெண்டு வார்த்தைதான்."

காவல் நிலையத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தான் இதை என் காதோரமாகச் சொன்னார். என் அக்காவின் கணவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் கலையாத விபூதி, வெறுங்கால். அந்த வெறுங்காலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரே ரைட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுவர் ஓரமாகப் பேச்சியம்மாள் நின்றாள். அவள் கணவர் மாடசாமி ஆடு மேய்க்கிறவர். அந்நேரம் அவர் அரசு மருத்துவமனையில் இடது கால் எலும்பு முறிந்து கிடந்தார். எங்கள் கார் மோதித்தான் முறிந்தது. ஓட்டியவர் அத்தான். முன் சீட்டில் அவர் பக்கத்தில் இருந்தவள் நான்.

தப்பு யார் பேரில் என்பதுதான் ரைட்டருக்குத் தெரிய வேண்டும். அத்தான் ஏற்கெனவே இரண்டு காரணம் சொல்லி முடித்திருந்தார். ஆட்டுக்காரர் கவனிக்காமல் ஆடுகளை ரோட்டில் விட்டுவிட்டார். அதோடு பிரேக்கும் பிடிக்கவில்லை. இரண்டும் பொய். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பின் சீட்டில் இருந்த அக்காவுக்கும் தெரியும்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் தாலுகா ஆபீஸ் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதைத் தொடரலாம் என்றுதான் இன்று உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. நேற்றுக் காலை தேரடியில் அத்தானின் காரைப் பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து அடுப்பில் வைத்த பால் போலப் பொங்கிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் கதை எங்கும் ஓடிப்போகாது. இந்த வாரம் கோபத்தைத்தான் எழுதப் போகிறேன்.

சாமி வண்டி

அத்தான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓடுகிற பொருள் தானாக நிற்காது, ஒன்று அதை நிறுத்த வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டே ஆயுசைக் கழித்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு புதுக் கார் வாங்கினார்.

கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி மாலை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். எனக்கு எலுமிச்சம்பழத்தோடு சண்டை இல்லை, என் பழைய காருக்கும் வைத்தேன். பழம் வைத்தபிறகும் வண்டியை நான்தான் நிறுத்த வேண்டும் என்பதை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

டேஷ்போர்டில் கோமதி அம்மன் படம் வந்து உட்கார்ந்தது. படம் வந்ததும் சட்டமும் வந்தது. வண்டிக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது.

"சாமி இருக்கிற இடம். செருப்போட எவனும் ஏறப்பிடாது, ஆமா," என்றார்.

"அத்தான், பெடலை வெறுங்காலோட அமுக்கினா வழுக்கும். வேர்த்திருந்தா கேக்கவே வேண்டாம்."

"நீ வீட்டுக்குள்ள செருப்புப் போட்டு நடக்கியா? இல்லைல்லா. இதுவும் வீடுதான்."

வீடு ஓடாது என்று நான் சொன்னேன். அக்கா என்னை முறைத்தாள்.

இது அத்தான் ஒருவரின் கிறுக்கு என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் புதுக் கார் வாங்கின பாதி வீடுகளில் இதே கதைதான். சீட்டின் பாலிதீன் உறையைக் கிழிக்க மாட்டார்கள். கால் மிதியடிக்கு மேல் ஒரு துண்டு விரிப்பார்கள். வீட்டு நடையில் கழற்றுவது போலத் தெருவில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு ஏறுவார்கள். ஆனால் சீட் பெல்ட்டைப் பின்னாலிருந்து சுற்றி வெறுமனே மாட்டி வைத்து, அதன்மேல் சாய்ந்து உட்காருவார்கள். வண்டி கத்தாமல் இருக்க வேண்டுமாம்.

ராஜபாளையத்தில் நின்ற செருப்புகள்

இதில் ஒரு சிரிப்பும் உண்டு. அந்தச் சிரிப்பிலிருந்துதான் வினையும் வந்தது.

ஒரு கல்யாணத்துக்கு ராஜபாளையம் போனோம். அத்தான், அக்கா, அவர்கள் மகள், நான். சாப்பிட்டு முடித்து மண்டபத்துக்கு வெளியே வந்தோம். கார்க் கதவைத் திறந்து, ஒவ்வொருவராகச் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தோம். வாயில் வெற்றிலை, வயிற்றில் பாயசம். வண்டி கிளம்பியது. பேச்சு சாப்பாட்டைப் பற்றி.

சிவகிரி தாண்டி டீ குடிக்க நிறுத்தி இறங்கினபோது, வெயிலில் காய்ந்த தார் ரோடு காலைச் சுட்டது. குதித்துக்கொண்டே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். நாலு ஜோடியும் ராஜபாளையத்தில் மண்டபத்து வாசலில் வரிசையாக நின்றிருக்கும். அக்காவுடையது அன்றுதான் முதல் முறையாகப் போட்டது.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை யோசித்தார்.

"இனிமே செருப்பை எங்க வைக்கதுன்னு ஒரு முடிவு பண்ணணும்," என்றார்.

முடிவும் பண்ணினார். செருப்பைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். ஏறினபிறகு அவரவர் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சாமிக்கும் மரியாதை, செருப்பும் தொலையாது. ஓட்டுகிறவரின் காலடியில் என்ன இருக்கிறது என்று அந்த இயற்பியல் மூளை யோசிக்கவே இல்லை.

நான் சொன்னேன். "பின்னால டிக்கியில போடுங்க அத்தான். டிரைவர் காலுக்கடியில ஒரு துரும்புகூடக் கிடக்கப்பிடாது."

"டிக்கியில நேத்து அர்ச்சனைக் கூடை வச்சது. அதுல கொண்டு செருப்பை வைக்கச் சொல்லுதியா?"

டிக்கியும் கோயில்தான் போலிருக்கிறது. கோயில் இல்லாத ஒரே இடம் பிரேக் இருக்கிற இடம்.

எல்லாரும் டிரைவர்

நான் ஐம்பது வயதில் கார் ஓட்டப் படித்தவள். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்கள். தாமதமாகப் படித்ததில் ஒரு லாபம், சொன்னதை எல்லாம் பயந்துகொண்டே கேட்டேன். அதனால் மறக்கவில்லை.

பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வலது கால் ஒன்றுதான். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் அமுக்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபிறகு பதறிப் பிடிக்கக்கூடாது, நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முன்னால் போகிற பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒட்டின சின்ன எழுத்தை வாசிக்க முடிகிறது என்றால் ரொம்ப நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். தரைப்பாலத்துத் தண்ணீரைத் தாண்டி ஏறினதும், லேசாக இரண்டு மூன்று தரம் அமுக்கி பிரேக்கின் ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. இதைச் செய்ய எந்த ஆண் பிள்ளைக்கு வலிக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

அத்தானுக்கு வேறு பெருமை. செங்கோட்டை தாண்டி மலைப்பாதை இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விடுவார். சில சமயம் எஞ்சினையே அணைத்துவிடுவார். "பாத்தியா, சொட்டு டீசல் செலவில்லாம இறங்குதேன்," என்பார். எஞ்சின் அணைந்த வண்டியில் இரண்டு தரம் அமுக்கினால் மூன்றாவது தரம் பிரேக் கல்லாகிவிடும். ஏறுகிற கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகி நாறாது. சொன்னால் காதில் விழாது.

அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு. புது வண்டியில் ஒருநாள் அவசரமாக முழுசாக அமுக்கியிருக்கிறார். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்ததாம். என்னவோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிட்டார். முன்னால் நின்ற டிராக்டரில் போய் முட்டினார். அந்த அதிர்வுதான் சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் காப்பாற்றுகிறது, அமுக்கின கால் அமுக்கினபடியே இருக்க வேண்டும். இதை வண்டி வாங்கும்போதே சொல்லியிருப்பார்கள். அவர் அப்போது பூசணிக்காய்க்கு நல்ல நேரம் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

வாயை அடக்கு என்று என் அக்கா ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள். அடக்கித்தான் என்ன கண்டோம்.

கரிவலம் ரோடு

கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலை வெயில் ஏறத் தொடங்கின நேரம். அக்காவுக்கு முழங்கால் வலி, காலை நீட்டிக்கொள்ளப் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். அதனால் நான் முன்னால்.

அத்தான் வழக்கம்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். கனத்த தோல் செருப்பு, தடித்த அடி. காலடியில் வைத்துக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

"அதைப் பின்னால குடுங்க அத்தான், அக்கா வச்சுக்கிடுவா," என்றேன்.

"நீ சும்மா வா," என்றார்.

ஓடைப் பாலத்துக்கு முன்னால் ரோடு லேசாக இறங்கும். அந்த இறக்கத்தின் முடிவில் ஆடுகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. மாடசாமி ரோட்டின் நடுவில் நின்று, கம்பை ஒரு கையில் பிடித்து, மறு கையை எங்களைப் பார்த்து உயர்த்தியிருந்தார். பின்தங்கின குட்டிகளுக்காகத்தான் நின்றார். தூரம் தாராளமாக இருந்தது. நிதானமாக நிறுத்தி, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

அத்தான் காலை வைத்தார். வண்டி லேசாகத்தான் குறைந்தது. மறுபடி அமுக்கினார்.

"என்னது இது, கீழ போக மாட்டேங்கு."

நான் குனிந்து பார்த்தேன். பெடலுக்கு அடியில் செருப்பு. இறக்கத்தில் முன்னால் வழுக்கி வந்து, நுனி உள்ளே போய்ச் செருகி நின்றது. அவர் அமுக்க அமுக்கப் பெடல் செருப்பின் மேல் முட்டி நின்றது.

"செருப்பு, செருப்பு," என்று கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பின் சக்கரங்கள் கத்தின. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மாடசாமி ஓடியிருக்கலாம். ஓடாமல், கம்பால் ஒரு குட்டியை ஓரமாகத் தள்ளினார். அந்த நேரத்தில் வண்டி அவர் காலில் மோதி நின்றது.

இரண்டு ஆடுகள் செத்துப்போயின. குட்டி பிழைத்துக்கொண்டது.

அத்தான் முதலில் செய்த காரியத்தைச் சொல்கிறேன். கீழே கிடந்த மனிதரிடம் போகவில்லை. குனிந்து, பெடலுக்கு அடியில் மாட்டியிருந்த செருப்பைப் பிடுங்கி, ரோட்டோரத்து முள்ளுக்குள் வீசினார். அதன் ஜோடியையும் எடுத்து வீசினார். பயத்தில் செய்தார் என்று அக்கா இன்றும் சொல்வாள். பயந்தவர் கைக்கு அவ்வளவு தெளிவு எங்கிருந்து வந்தது என்று நான் இன்றும் கேட்பேன்.

மோட்டார் பைக்கில் வந்த இரண்டு பேர் நிறுத்தினார்கள். மாடசாமியை அலுங்காமல் தூக்கிக்கொண்டு பின் கதவருகே வந்தார்கள். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது அத்தான் சொன்னார். "செருப்பைக் கழட்டிட்டு ஏத்துங்க."

அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லியது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கால் முறிந்த மனிதரின் காலிலிருந்து டயர் செருப்பைக் கழற்றினார்கள், அந்த இரண்டு பேரும். சொன்னவர் பெரிய மனுஷர் மாதிரி இருந்தார், அதனால் கேட்டார்கள். இடது காலில் கழற்றும்போதுதான் மாடசாமி முதல் முறையாகக் கத்தினார்.

அத்தானை இனி ஓட்ட விட எனக்கு மனசில்லை. அவரைப் பக்கத்துச் சீட்டுக்கு மாறச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சங்கரன்கோவில் வரை நான்தான் ஓட்டினேன். ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது, அமுக்கினேன். தொட்டதும் பிடித்தது. அவ்வளவு நல்ல பிரேக்.

ரைட்டர் முன்னால்

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் ரைட்டர். "ஆடு திடீர்னு குறுக்க வந்துச்சா, இல்ல வண்டியில கோளாறா?"

அத்தான் என் முழங்கையைத் தொட்டார். பேச்சியம்மாள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அவள் புருஷன் பேரில் எழுதப்படும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கால் போனது போதாதென்று தப்பும் அவர் மேல் விழுந்தால், அதற்குமேல் அவளால் யாரிடம் போய் நிற்க முடியும்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு சார்," என்றேன். "ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் ஓட்டிட்டு வந்தேன். இவுக செருப்பு பெடலுக்கு அடியில மாட்டிக்கிட்டு. ஆட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அவர் மேல ஒரு தப்பும் கிடையாது."

ரைட்டர் எழுதுவதை நிறுத்தினார். மேசைக்குக் கீழே அத்தானின் காலைப் பார்த்தார்.

"ஐயா, உங்க செருப்பு எங்க?"

அத்தான் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அந்தக் கேள்வி பேச்சியம்மாளுக்கு வேறு எதையோ நினைவுபடுத்தியிருக்க வேண்டும்.

"அம்மா, எங்க வீட்டு ஆளு செருப்பையும் காணல," என்றாள் என்னிடம். "கால்ல கெடந்துச்சு. ஆஸ்பத்திரியில வந்து பாக்கேன், இல்ல. எங்கம்மா போச்சு?"

எனக்கு முகம் எரிந்தது.

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, நீ கூடப் பொறந்தவதானா? ரெண்டு வார்த்தை மாத்திச் சொன்னா உன் வாய் வெந்தா போயிரும்?"

"வெந்துதான் போயிருக்கும்," என்றேன்.

அன்றோடு அந்த வீட்டு வாசல் எனக்கு அடைத்துவிட்டது. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் எதிரெதிரே வந்தால்கூட அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வழக்கு நடந்து முடிந்தது. மாடசாமி பேரில் பழி விழவில்லை. அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. ஆனால் நாள் முழுக்க ஆட்டுக்குப் பின்னால் நடக்க அந்தக் கால் இனி உதவாது. இப்போது கம்பைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மாள் போகிறாள்.

கொஞ்ச நாளில் அத்தான் பரிகாரம் செய்தார். யாருக்கு என்கிறீர்கள், காருக்கு. மறுபடி மாலை, மறுபடி பூசணிக்காய். வண்டிக்குத் தோஷமாம்.

நேற்றுத் தேரடியில் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் கார் நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. அத்தான் குனிந்து, தன் காலடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். அதிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு இறங்கினார். பையைத் திரும்ப அதே இடத்தில், பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். இத்தனைக்கும் பிறகு அவர் கற்றுக்கொண்டது, செருப்பைப் பையில் போட வேண்டும் என்பதுதான். என்னைப் பார்த்தார். பார்க்காதவர் போலப் போய்விட்டார்.

கட்டிலுக்கு அடியில்

அந்த நாளுக்கே திரும்ப வருகிறேன். காவல் நிலையத்திலிருந்து வந்தவள் வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் நின்ற என் வண்டியை எடுத்துக்கொண்டு கரிவலம் ரோட்டுக்குப் போனேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் ரத்தத்தின் மேல் யாரோ மண்ணள்ளிப் போட்டிருந்தார்கள்.

மாடசாமியின் செருப்பு இரண்டும் அங்கேயே இருந்தன. ரோட்டோரத்தில், ஜோடியாக, கோயில் வாசலில் விட்டது போல ஒழுங்காக இருந்தன. எடுத்து முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனையில் மாடசாமி கண் விழித்திருந்தார். காலில் கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். மறுநாள் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கம்பி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் செருப்பை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார்.

"ரெண்டையும் எதுக்குத் தாயி தூக்கிட்டு வந்திய," என்றார். "இனி ஒண்ணு போதும்லா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "சும்மா கெடங்க," என்று பேச்சியம்மாள் அதட்டினாள்.

அவள் என் கையிலிருந்து இரண்டையும் வாங்கினாள். குனிந்து வலது காலுக்கானதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இதை எங்கன வைக்க, தாயி?"